பிராக்டிஸ்ல தாண்டுற உயரத்தை மீட்ல தாண்ட முடியலை: என்ன பண்ணலாம்? (சேலம்)

சிவதாபுரம்_அண்ணன் (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் வெள்ளிப் பட்டறையில கொலுசு வேலை பாக்குறேன். என் தங்கச்சி ப்ளஸ் ஒன் படிக்கிறா, ஹை ஜம்ப் பண்றா. ஸ்கூல் கிரவுண்டுல 1.45 மீட்டர் சாதாரணமா தாண்டுறா. மீட்னு போயிட்டா 1.35-லயே மூணு சான்ஸும் போயிடுது. காயம் ஒண்ணும் இல்லை, சாப்பாடு தூக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு.

போன மீட் காந்தி ஸ்டேடியத்துல. கம்பிக்கு வெளிய நின்னு பாத்துட்டே இருந்தேன். முதல் ரெண்டு உயரமும் முதல் சான்ஸ்லயே தாண்டிட்டா. அப்புறம் மத்த பிள்ளைங்க தாண்டி முடிக்கிற வரைக்கும் உக்காந்திருக்கணும் இல்லீங்களா, அங்கதான் என்னமோ ஆகுது. ஷூ லேஸை அவுக்குறா, கட்டுறா, மறுபடி அவுக்குறா. ரன்-அப்புக்கு ஒட்டி வெச்ச டேப்பைப் போய் பாக்குறா, வந்து உக்கார்றா, திரும்பவும் எந்திரிச்சுப் போய் அதைப் பிச்சு அரை அடி தள்ளி ஒட்டுறா. எந்தப் பிள்ளையாவது பாரை இடிச்சு அது கிடுகிடுன்னு ஆடுனா அது நிக்கிற வரைக்கும் அதையே பாக்குறா. பேரைக் கூப்பிட்டதும் ஓடி வந்தா, பாதியில நின்னுட்டா. ரெண்டாவது சான்ஸ் காலை பார் மேலயே வெச்சுட்டா. மூணாவது சொல்லவே வேணாம்.

பஸ்ல வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. அடுத்து ஸ்டேட் செலக்சன் வருது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டுன்னு வீட்டுல எல்லாரும் நம்பிட்டு இருக்காங்க. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஆத்தூர்_பிடி_மாஸ்டர்

தம்பி, நீங்க எழுதினதுலயே பாதி விடை இருக்கு. நான் ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர், ஜம்ப்ஸ்ல நிறையப் பிள்ளைங்களைப் பாத்திருக்கேன். ஹை ஜம்ப்ல ஒரு மீட் மூணு மணி நேரம் நடந்தாலும் பிள்ளை தாண்டுற நேரத்தைக் கூட்டுனா ஒரு நிமிஷம் தேறாது. மீதி பூரா காத்திருப்பு. ஸ்கூல்ல தாண்டும்போது இது கிடையாது. தாண்டுவா, எந்திரிச்சு வருவா, உடனே மறுபடி ஓடுவா. உடம்பு சூடு ஆறாது, மனசு அலைய நேரமும் இருக்காது. மீட்ல பேரைக் கூப்பிட்டா ஒரு நிமிஷத்துக்குள்ள ஓட ஆரம்பிக்கணும். அதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் சும்மா உக்காந்திருப்பா. உங்க தங்கச்சிக்குத் தாண்டத் தெரியும். காத்திருக்கத்தான் யாரும் சொல்லிக் குடுக்கலை.

இன்னொண்ணு, அந்த டேப்பு. மீட் நடுவுல ரன்-அப் குறியை மாத்துறது ரொம்பப் பெரிய அடையாளம். காத்து திரும்பி இருந்தாலோ, ஓடி வர்ற தரை மாறி இருந்தாலோ மாத்தலாம், அது கோச் சொல்லி மாத்தறது. பயத்துல மாத்துனா அன்னிக்கு முழுக்க ஸ்டெப் சேராது.

---

மலைக்காத்து_ஏற்காடு

அண்ணா, ஒரு வாரம் பத்து நாள் மேல ஏற்காட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. எங்க ஊர்ல காலையில லேக்கைச் சுத்தி ஓடுனாலே மனசு லேசாயிடும். நான் லாங் டிஸ்டன்ஸ் ஓடுறவன். அடிவாரத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஓடி ஏறிட்டா எந்த மீட்டும் பெருசாத் தெரியாது.

---

ஆத்தூர்_பிடி_மாஸ்டர்

@மலைக்காத்து_ஏற்காடு உங்களுக்கு அது சரி தம்பி. சுமார் 1500 மீட்டர் உயரத்துல ஏறி இறங்கி ஓடறது தூர ஓட்டக்காரங்களுக்கு நல்லது. ஹை ஜம்ப் பிள்ளையை செலக்சனுக்கு முன்னாடி மலை ஏத்தி ஓட விட்டா தொடை கனத்துப் போயிடும், வெடிச்சுக் கிளம்புற வேகம் குறைஞ்சிடும். மனசு லேசாகறதுக்கு லீவுல கூட்டிட்டுப் போகட்டும், அதுல ஆட்சேபணை இல்லை. ஆனா மலை மேல வர்ற அமைதி ஸ்டேடியத்துக்குக் கூட வராது. எங்க பதறுதோ அந்த இடத்துலதான் பழகணும்.

---

கண்டிப்பான_அப்பா

எல்லாரும் பிள்ளையைப் பொத்திப் பொத்திப் பேசுறீங்க. நம்ம மாவட்டத்துல இருந்தே போனவர் மாரியப்பன். பெரியவடகம்பட்டி. அஞ்சு வயசுல பஸ் ஏறி கால் போச்சு. 2016 ரியோ பாராலிம்பிக் ஹை ஜம்ப்புல 1.89 தாண்டித் தங்கம், டோக்கியோவுல வெள்ளி, 2024 பாரிஸ்ல வெண்கலம். கிரிக்கெட்ல சின்னப்பம்பட்டி நடராஜன் நெட் பவுலராத்தான் ஆஸ்திரேலியா போனார், அந்த ஒரே டூர்ல மூணு ஃபார்மட்லயும் இறங்கிட்டார். இவங்களுக்கு எந்த மனவியல் டாக்டர் வந்தாங்க? கஷ்டப்பட்டா மனசு தானா கெட்டிப்படும். என் பையன் கபடி ஆடுறான். வெளிய நின்னு நான் சத்தம் போட்டாத்தான் அவன் எந்திரிக்கிறான்.

---

ரைடர்_ஓமலூர்

ஐயா, மரியாதையோட சொல்றேன். நானும் கபடிதான், ரைடர். ரைடுக்கு 30 செகண்ட். பாயிண்ட் இல்லாம ரெண்டு எம்ப்டி ரைடு போயிட்டா மூணாவது டூ ஆர் டை, பாயிண்ட் எடுக்கலைன்னா அவுட். உள்ள போய்ப் பாடிட்டு நிக்கும்போது எனக்குக் காதுல விழ வேண்டியது என் மூச்சு. கண்ணுல பட வேண்டியது கார்னர் டிஃபெண்டரோட கால், அவ்வளவுதான். வெளிய இருந்து ஒரு குரல் "போனஸ் எடுடா"ன்னும் இன்னொரு குரல் "திரும்பி வாடா"ன்னும் கேட்டா காலு ரெண்டு பக்கமும் இழுக்கும். உங்க பையன் எந்திரிக்கிறது உங்க சத்தத்தாலயா, இல்ல அவன் எப்பிடியும் எந்திரிச்சிருப்பானா, ஒரு மேட்ச் சத்தம் போடாம இருந்து பாருங்க ஐயா.

கபடியில பயந்து படுத்துக்க நேரம் கிடையாது. எதிராளி மேல விழுவான், நீ ஓடித்தான் ஆகணும். ஹை ஜம்ப்ல எதிராளியே இல்லை, பார் சும்மா இருக்கு. அதனால ரெண்டையும் ஒரே மாதிரி பாக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன்.

---

மனவியல்_அஸ்தம்பட்டி

நான் உளவியல் படித்தவள், விளையாட்டுப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாரியப்பன். டோக்கியோவில் அவர் இறுதிப் போட்டியின்போது மழை. குறைபாடுள்ள காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துவிட்டது, அதனால் தாண்டச் சிரமமாக இருந்தது என்று அவரே பிறகு சொன்னார். அதோடுதான் 1.86 தாண்டினார். அந்தத் தொடக்க விழாவில் கொடி ஏந்திப் போக வேண்டியவரும் அவர்தான். கொரோனா தொற்று வந்தவரோடு தொடர்பில் இருந்ததால் தனிமைப்படுத்திவிட்டார்கள். இத்தனை நடந்தும் அவர் தாண்டியதற்குக் காரணம் சின்ன வயதுக் கஷ்டம் மட்டும்தான் என்றால், பல வருடப் பயிற்சியையும் அவருக்குக் கிடைத்த பயிற்சியாளரையும் நாம் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று ஆகிவிடும். கஷ்டப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் வெளியே தெரியாமலே நின்றுபோயிருக்கிறார்கள்.

மனப்பயிற்சி பலவீனமானவர்களுக்கு என்ற எண்ணமும் வேண்டாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ரா, போட்டிக்கு முன்னால் பயத்தோடு பழகுவதற்காகவே உயரமான கம்பம் ஏறிப் பயிற்சி எடுத்தார். 2011-ல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு இருந்த பேடி அப்டன்தான், 2024-ல் சிங்கப்பூரில் குகேஷ் உலக சதுரங்கப் பட்டம் வெல்லும்போதும் அவரோடு மனப்பயிற்சி செய்தவர். குகேஷ் அந்தத் தொடரின் முதல் ஆட்டத்திலேயே தோற்றவர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் தங்கை. நன்றாகக் கற்றுக்கொண்ட ஒரு செயலை உடம்பு தானாகச் செய்யும். பயம் வந்தால் நாம் அதை மறுபடி கண்காணிக்க ஆரம்பிக்கிறோம்: கால் எங்கே வைக்கிறோம், இடுப்பு எப்போது தூக்குகிறோம் என்று. அந்தக் கண்காணிப்புதான் கெடுக்கிறது. சியான் பைலாக் என்ற ஆய்வாளர் கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்து இதைக் காட்டினார். புதிதாகப் பழகுகிறவர்கள் நிதானமாக, கவனித்து அடித்தால் நன்றாக அடித்தார்கள். தேர்ந்தவர்களோ யோசிக்க நேரம் தராமல் சீக்கிரம் அடிக்கச் சொன்னபோதுதான் இன்னும் நன்றாக அடித்தார்கள். உங்கள் தங்கைக்கு இருபது நிமிடம் கிடைக்கிறது. அந்த இருபது நிமிடமும் அவள் தன் காலையும் டேப்பையும் கண்காணிக்கிறாள்.

"பதறாதே" என்று சொல்வதில் பயன் மிகக் குறைவு. நெஞ்சு அடிப்பதை ஒரு கட்டளையால் நிறுத்த முடியாது. 2014-ல் ஆலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசும் முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடப்பும் உற்சாகமும் உடம்புக்கு ஏறக்குறைய ஒன்றுதான். உயரம் தாண்ட அந்தப் படபடப்பு கொஞ்சம் வேண்டும்கூட. அதை முழுக்க அணைத்துவிட்டால் 1.45 வராது.

---

சிவதாபுரம்_அண்ணன்

@மனவியல்_அஸ்தம்பட்டி ரொம்ப நன்றிங்க மேடம். படிச்சுக் காட்டுனேன். "ஆமா, டேப்பு தப்பா இருக்குன்னுதான் எனக்குத் தோணுச்சு, ஆனா அதே டேப்புலதான் முதல் ரெண்டும் தாண்டுனேன்"னு அவளே சொன்னா. அப்போ அந்த நேரத்துல அவ என்னதான் பண்ணணும்? சும்மா உக்காரவும் கூடாது, யோசிக்கவும் கூடாதுன்னா?

---

சலங்கை_அம்மாபேட்டை

தம்பி, நான் பரதம் சொல்லிக் குடுக்கிறவ. அரங்கேற்றப் பிள்ளைங்களுக்கு வர்ற அதே பிரச்சினைதான் இது. நேரு கலையரங்கம் மாதிரி பெரிய மேடை, முதல் வரிசையில சொந்தக்காரங்க. வர்ணத்துல எனக்குத் தெரிஞ்சு பிள்ளைங்க ஜதியை மறக்குறது அபூர்வம். மறக்கிறது ரெண்டு உருப்படிக்கு நடுவுல, உடை மாத்துற அறையிலதான். அங்க உக்காந்து "அடுத்து எந்தக் கோர்வை"ன்னு கேட்டுட்டே இருப்பாங்க.

அதனால என் பிள்ளைங்களுக்கு அந்த அறைக்கும் வேலை வெச்சிருக்கேன். வந்ததும் தண்ணி ஒரு மடக்கு. சலங்கைக் கயிறு ஒரு தரம் இழுத்துப் பாக்கணும், ஒரே தரம். அப்புறம் அடுத்த உருப்படியோட முதல் அடியை மட்டும் கையால தாளம் போட்டுப் பாக்கணும். முதல் அடி மட்டும்தான், முழு உருப்படியும் இல்லை. அதுக்கு மேல யாரும் அவங்ககிட்ட திருத்தம் சொல்லக் கூடாது, அம்மா உட்பட. கடைசி நிமிஷத்துல "கண்ணை நல்லா விரி"ன்னு சொல்ற அம்மாங்களை நான் வெளிய அனுப்பியிருக்கேன்.

---

கூத்துக்காரன்_எடப்பாடி

அக்கா சொல்றது எங்க தொழில்லயும் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு வேஷம் கட்ட உக்காந்தா துரியோதனன் மேடைக்கு வர பன்னெண்டு ஆகும். கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம் எல்லாம் கட்டி முடிச்சு நிக்கிறவன் தூங்கவும் முடியாது, சாயவும் முடியாது. பதட்டம் பிச்சுத் தின்னும். அதுக்குத்தான் பெரியவங்க திரையைக் குடுத்திருக்காங்கன்னு நான் நினைக்கிறேன். ரெண்டு பேர் திரையைப் புடிச்சுக்குவாங்க, நாங்க அதுக்குப் பின்னாடி நின்னே பாட ஆரம்பிச்சிடுவோம். ஜனங்க முகம் எங்களுக்குத் தெரியாது, எங்க முகம் அவங்களுக்குத் தெரியாது. ஆனா குரல் கிளம்பிடும், கால் கிளம்பிடும். திரை விலகும்போது வேஷம் ஏற்கனவே ஓடிட்டு இருக்கும்.

தங்கச்சிக்கு அந்த மாதிரி ஒரு திரை வேணும் தம்பி. பேரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடியே அவ உடம்பு கிளம்பியிருக்கணும். கூப்பிட்ட அப்புறம் கிளம்பக் கூடாது.

---

ஆத்தூர்_பிடி_மாஸ்டர்

கூத்துக்காரர் சொன்னது ஹை ஜம்ப்புக்கு அப்படியே பொருந்துது. அவளுக்கு முன்னால ரெண்டு பேர் இருக்கும்போது எந்திரிச்சிடணும். ட்ராக் பேன்ட்டைக் கழட்டி, முழங்காலைத் தூக்கி நாலஞ்சு ஹை-நீ, ரெண்டு சின்ன ஓட்டம், ஒரு வளைவு ஓட்டம். முன்னால ஒருத்தர் இருக்கும்போது குறிக்குப் பக்கத்துல வந்து நிக்கணும். பேர் கூப்பிடும்போது வியர்வை இருக்கணும்.

அதுக்கு முந்தின நேரத்துக்கு உலகத்துல பெரிய ஆளுங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க. உக்ரைனோட மகுச்சிக், 2024-ல 2.10 தாண்டி உலக சாதனை பண்ணவங்க. அதுக்கு முந்தின சாதனை 1987-ல வந்த 2.09. அந்தம்மா தாண்டிட்டு வந்து மைதானத்துலயே ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள படுத்துக்குவாங்க. பாரிஸ் ஒலிம்பிக் தங்கமும் அப்படிப் படுத்து எந்திரிச்சு வாங்குனதுதான். அதே போட்டியில வெள்ளி வாங்குன ஆஸ்திரேலியாவோட ஒலிஸ்லேகர்ஸ் நேர் எதிர். ஒவ்வொரு தாண்டலுக்கு அப்புறமும் நோட்டை எடுத்து அதுக்குப் பத்துக்கு எத்தனை மார்க்குன்னு எழுதுவாங்க. ஒருத்தர் படுக்குறாங்க, ஒருத்தர் எழுதுறாங்க. ரெண்டு பேரும் அடுத்தவங்க தாண்டுறதை வெறிச்சுப் பாக்குறதில்லை. பார் ஆடுறதை உங்க தங்கச்சி பாக்குறா பாருங்க, அதை முதல்ல நிறுத்தணும். தாண்டி விழற மெத்தைப் பக்கம் முதுகு காட்டி உக்காரச் சொல்லுங்க.

---

மனவியல்_அஸ்தம்பட்டி

மாஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஓடத் தொடங்கும்போது அவள் கவனம் எதில் இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். காப்ரியேலே வுல்ஃப் பல வருடங்களாகச் செய்த ஆய்வுகளில், தன் உடம்பின் அசைவைக் கவனிப்பவரைவிட வெளியே உள்ள ஒன்றைக் கவனிப்பவர் நன்றாகச் செய்வது திரும்பத் திரும்பத் தெரிகிறது. "முழங்காலை ஏற்று" என்று நினைப்பதைவிட, பாருக்கு மேலே தூரத்தில் இருக்கும் ஒரு விளக்குக் கம்பத்தையோ மரத்தையோ பார்த்துக்கொண்டு "அங்கே" என்று நினைப்பது மேல். எந்த ஸ்டேடியத்துக்குப் போனாலும் காலையில் முதல் வேலையாக அந்த ஓர் இடத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

மூச்சுக்கு ஒரே குறிப்பு: உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். இரண்டு மூன்று மூச்சு போதும். பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தால் உடம்பு குளிர்ந்துவிடும், இந்த விளையாட்டுக்கு அது ஆகாது.

---

புதுசா_வந்தவன்

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கச்சேரியில வயலின் வாசிக்கிறார். கை நடுங்காம இருக்க ஏதோ மாத்திரை போடுவார், பிராப்ரனலால்னு பேர். அது கேட்டுப் பாக்கலாமே?

---

மருந்துக்கடை_கொண்டலாம்பட்டி

வேணவே வேணாம். நான் பார்மசிஸ்ட். அது இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து, டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது. ஆஸ்துமா இருக்கிற பிள்ளைக்குப் போனா மூச்சே அடைச்சிடும். துப்பாக்கி சுடுதல், வில்வித்தையில இந்த வகை மருந்துக்குத் தடை இருக்கு. 2008 ஒலிம்பிக்ல வட கொரியாவோட கிம் ஜோங் சு ஒரு வெள்ளி ஒரு வெண்கலம் வாங்கி, ரெண்டையும் இதுக்காகப் பறிகொடுத்தார். அசையாம நிக்கிற விளையாட்டுலதான் அதுக்கு வேலை. துடிப்பு ஏற வேண்டிய பிள்ளைக்கு அதைக் குடுத்து என்ன பண்றது? பதினாறு வயசுப் பிள்ளைக்கு இந்தப் பேச்சே எடுக்காதீங்க.

---

கண்டிப்பான_அப்பா

மாத்திரை பத்தி மருந்துக்கடைக்காரர் சொன்னதுல எனக்கும் ஒரே கருத்து. ஆனா ஒண்ணு கேக்குறேன். முதுகு காட்டி உக்காரு, விளக்குக் கம்பத்தைப் பாருன்னு சொல்றதெல்லாம் அன்னிக்குக் காலையில ஞாபகம் வருமா? கூட்டத்தைப் பாத்ததும் எல்லாம் மறந்துடும். அதுக்கு என்ன வழி?

---

மனவியல்_அஸ்தம்பட்டி

@கண்டிப்பான_அப்பா இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான் ஐயா. வழி, பயிற்சியிலேயே பதற்றத்தைக் கொண்டுவருவது. நெதர்லாந்தில் தேர்ந்த கூடைப்பந்து வீரர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2009-ல் வந்தது. கொஞ்சம் பதற்றம் வரும்படியான சூழலில் ஃப்ரீ த்ரோ பழகியவர்களுக்குப் பின்னால் அழுத்தம் வந்தபோது ஆட்டம் குறையவில்லை. சாதாரணமாகப் பழகியவர்களுக்குக் குறைந்தது. உண்மையான போட்டி அளவுக்குப் பயம் வரத் தேவையில்லை, சிறிதளவு வந்தாலே போதும்.

அதனால் வாரத்தில் ஒரு நாள் "மீட் நாள்" வையுங்கள். நம்பர் குத்தி, கொடி வைத்து, பேர் கூப்பிட்டு. ஒரு தாண்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வேண்டுமென்றே பதினைந்து நிமிடம் உட்கார வைத்து. மூன்று தவறினால் வீட்டுக்கு, அன்று நாலாவது கிடையாது. அவளுக்குத் தெரியாத நாலு பேர் பார்க்கட்டும். வீடியோ எடுங்கள்.

வீட்டில் சீட்டுப் பேச்சையும் செலக்சன் முடியும் வரை நிறுத்திவையுங்கள். அவள் மூன்றாவது சான்ஸுக்கு நிற்கும்போது பாருக்குப் பக்கத்தில் காலேஜ் பீஸும் நின்றால் கால் எழும்பாது.

இதற்குப் பிறகும் தூக்கம் கெடுகிறது, சாப்பிடவில்லை, மீட் என்றாலே அழுகிறாள் என்றால் அது வேறு விஷயம். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்கில் காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்பது பிடிபடாமல் போய் அணி இறுதிப் போட்டியின் நடுவிலேயே விலகினார். அன்று திட்டியவர்கள் ஏராளம். 2024 பாரிஸில் மூன்று தங்கம் வாங்கினார். நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தியதும் அந்த மூன்று தங்கத்தில் சேர்த்திதான்.

---

கண்டிப்பான_அப்பா

இது புரியுது. பயத்தை ஒளிச்சு வைக்காம முன்கூட்டியே காட்டிப் பழக்குறதுன்னா நான் சொல்ற கண்டிப்புக்கும் அதுக்கும் ரொம்பத் தூரம் இல்லை. சத்தம் போடுறது மட்டும் வேணாங்கிறீங்க. பையன்கிட்டயே கேக்குறேன், நான் வரணுமா வேணாமான்னு.

---

சிவதாபுரம்_அண்ணன்

எல்லாத்தையும் தங்கச்சிகிட்டயும் அவ ஸ்கூல் கோச்கிட்டயும் காட்டிட்டேன்ங்க. கோச் சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூல் கிரவுண்டுலயே மீட் மாதிரி வைக்கலாம்னு சொல்லிட்டார். பக்கத்து ஸ்கூல் பிள்ளைங்களும் வர்றாங்க. நோட்டு எழுதுறதா படுத்துக்கிறதான்னு கேட்டதுக்கு, "ரெண்டும் வேணாம், நான் கொலுசு கோக்கிறேன்"னு சொல்லிட்டா. வீட்டுல அம்மாகூட உக்காந்து வளையம் கோக்கிறது அவளுக்குப் பழக்கம். அந்த வளையத்தைக் கொஞ்சம் டப்பாவுல போட்டுக் குடுத்துடலாமா மேடம், தப்பில்லையே?

---

மனவியல்_அஸ்தம்பட்டி

தாராளமாக. கைக்கு வேலை, கண்ணுக்கு வேலை, அவளுக்கே பழகிய வேலை. நாம் சொன்னதைவிட நன்றாக இருக்கிறது. இரண்டு பேர் பாக்கி என்றதும் டப்பாவை மூடிவிட வேண்டும், அது மட்டும் கறாராக இருக்கட்டும்.

---

ஆத்தூர்_பிடி_மாஸ்டர்

கோச் சம்மதிச்சா நான் அம்பயரா வர்றேன் தம்பி. வெள்ளைக் கொடி சிவப்புக் கொடி ரெண்டும் எங்கிட்ட இருக்கு, விசிலும் இருக்கு. அந்தப் பிள்ளைக்கு என்னைத் தெரியாது, அதுவும் நல்லதுதான். 1.25-ல ஆரம்பிக்கலாம், அஞ்சு சென்டிமீட்டரா ஏத்தலாம், 1.40-க்கு மேல மூணு மூணா. நேரம் மட்டும் சொல்லுங்க, ஆத்தூர்ல இருந்து பஸ் புடிக்கணும்.

---

சிவதாபுரம்_அண்ணன்

நாலரை மணிங்க சார். கோச்கிட்ட உங்க விஷயம் சொல்லிட்டேன், வரச் சொல்லிட்டார். புது பஸ் ஸ்டாண்டுக்கு நானே வண்டி எடுத்துட்டு வந்துடுறேன்.